கறுப்பா, வெள்ளையா? வன்னியில் கார் எடுப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்தது. அன்று தொடங்கி எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி ஒரே கேள்வியில்தான் வந்து முடிகிறது: "அண்ணை, கறுப்பு எடுக்கவோ, வெள்ளை எடுக்கவோ?" நான் கார் வியாபாரி இல்லை. மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் போகும் வீதியில், ஒரு கிரவல் ஒழுங்கைக்குள் வீடு. ஏழு வருடம் கறுப்பு அக்சியோ ஒன்று வைத்திருந்தேன். இப்போது ஓடுவது வெள்ளை வகன் ஆர். சித்தப்பாவின் மகன் கிளிநொச்சியில் வாகனம் கழுவும் இடம் நடத்துகிறான். ஓய்வு நாட்களில் அங்கே போய் நின்று கதைக்கிற பழக்கமும் உண்டு. எனக்குத் தெரிந்தது இவ்வளவும் வைத்துத்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லி அலுத்துவிட்டது, அதனால் எழுதி வைக்கிறேன்.

நீட்டாமல் சொல்லுங்கள், எது?

வெள்ளை. கார் பகலில் வெயிலில் நிற்கும், ஓடுகிற வீதியில் ஒரு பகுதியாவது கிரவல், கழுவப்போவது நீங்களேதான். இந்த மூன்றில் இரண்டு உங்களுக்குப் பொருந்தினால் மேற்கொண்டு யோசிக்க வேண்டாம். கொட்டில் இருக்கிறது, பெரும்பாலும் ஏ9 பெருவீதியில்தான் ஓட்டம், கிழமைக்கு இரண்டு தடவை கழுவப் பொறுமையும் இருக்கிறது என்றால் கறுப்பு எடுங்கள். கழுவித் துடைத்து நிற்கும் கறுப்புக் காரின் அழகுக்குப் பக்கத்தில் வெள்ளை நிற்க முடியாது. அதை நான் மறுக்கவில்லை. அந்த அழகு எங்கள் ஒழுங்கையைத் தாண்டுவதற்குள் முடிந்துவிடும், அதுதான் பிரச்சினை.

கறுப்புக் காருக்குள் உண்மையிலேயே சூடு கூடவா, அல்லது அது மனப்பிரமையா?

உண்மை. கறுப்புப் பூச்சு தன்மேல் படும் வெயிலில் 5 சதவீதம் அளவைத்தான் திருப்பி அனுப்பும். வெள்ளையும் வெள்ளி நிறமும் 60 சதவீதத்தை ஒட்டித் திருப்பி அனுப்பிவிடும். மிச்சம் தகரத்துக்குள் இறங்குகிறது. அமெரிக்காவின் லோரன்ஸ் பேர்க்லி தேசிய ஆய்வுகூடத்தார் ஒரே மாதிரியான இரண்டு ஹோண்டா சிவிக் கார்களை, ஒன்று கறுப்பு, மற்றது வெள்ளி நிறம், கலிபோர்னியாவின் சக்ரமெண்டோ நகரத்து வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி அளந்தார்கள். 2011இல் அந்த ஆய்வு வெளிவந்தது. கூரைத் தகரத்தில் 25 பாகை வரை வித்தியாசம். உள்ளே நாங்கள் மூச்சுவிடும் காற்றில் வித்தியாசம் 5 முதல் 6 பாகை.

கூரையில் 25, உள்ளே 5 அல்லது 6. இந்த இரண்டு எண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். காருக்குள் வரும் சூட்டில் பெரும்பங்கு கண்ணாடிகளால் வருகிறது. கண்ணாடிக்குக் கறுப்பு வெள்ளை கிடையாது. வெள்ளைக் கார் எடுத்துவிட்டேன், இனி உள்ளே குளுகுளு என்று யாரும் நினைக்கக்கூடாது. சித்திரை, வைகாசியில் வெளியே 35 பாகையைத் தாண்டும் நாளில், வவுனியா ஆஸ்பத்திரிக்கு முன்னால் இரண்டு மணித்தியாலம் நின்ற வெள்ளைக் காருக்குள் ஏறினாலும் சீற் சுடத்தான் செய்யும். கறுப்புக் காரின் கதவுப் பிடியையும் கூடவே தொட முடியாமல் இருக்கும், அவ்வளவுதான் கூடுதல்.

முன்கண்ணாடிக்கு உட்புறமாக ஒரு மடிப்பு மறைப்பு வைப்பது, நிழலில் விடுவது, ஏறும்முன் நாலு கதவையும் ஒரு நிமிடம் திறந்து வைப்பது, இவை எந்த நிறத்துக்கும் உதவும். இன்னொன்று: எந்த நிறமானாலும், கடைக்குள் ஒரு எட்டுப் போய் வருகிறேன் என்று பிள்ளையைப் பூட்டிய காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். உள்ளே ஏறும் சூட்டில் பெரும்பகுதி முதல் அரை மணித்தியாலத்துக்குள்ளேயே ஏறிவிடும்.

அப்படியென்றால் வெள்ளைக்குப் பெற்றோல் மிச்சமா?

கொஞ்சம். அதே ஆய்வில், வெளிர் நிறக் காருக்குச் சிறிய ஏசியே போதும், அதனால் எரிபொருளில் 2 சதவீதம் அளவு மிச்சப்படும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். ஆனால் அது ஏசியையே சிறிதாகச் செய்தால் வரும் கணக்கு. கடையில் வாங்கும் காரில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் ஒரே ஏசிதான் பூட்டி வருகிறது. ரயருக்குக் காற்றைச் சரியாக அடித்து வைத்தாலே கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம். பெற்றோலுக்காக நிறம் தெரிவு செய்ய வேண்டாம்.

எங்கள் புழுதிக்கு எது தாங்கும்?

இதுதான் வன்னிக்கான உண்மையான கேள்வி. கொழும்பிலிருந்து எழுதுகிறவர்கள் இதைத் தொடுவதே இல்லை.

புழுதி என்று பொதுவாகச் சொன்னாலும் எங்கள் புழுதி ஒன்றல்ல. மாங்குளம், நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கம் கிரவல் செம்புழுதி. கடற்கரையை ஒட்டினால் வெள்ளை மணல். வயல் பக்கம் உழவு இயந்திரம் வீதியில் கொட்டிவிட்டுப் போகும் களி, காய்ந்தபின் சாம்பல் நிறத் தூளாகிவிடும். இதில் எது படிந்தாலும் கறுப்பில் தெரியும், ஏனென்றால் எல்லாப் புழுதியும் கறுப்பைவிட வெளிர். சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் காலை கழுவி விட்ட என் கறுப்பு அக்சியோ, பின்னேரம் கோப்பித் தூள் தூவினதுபோல் நிற்கும். டிப்பர் ஒன்றுக்குப் பின்னால் அரை மைல் போனால் பின்னேரம் வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம்.

வெள்ளையில் மெல்லிய புழுதி தெரியாது. மூன்று நாள் கழுவாவிட்டாலும் பத்தடி தள்ளி நின்று பார்க்கிறவருக்குச் சுத்தமாகத்தான் தெரியும். ஆனால் மாரி வந்ததும் கதை மாறும். ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் ஒழுங்கையெல்லாம் செங்களி. சில்லு தெறிக்கும் சேறு வெள்ளைக் கதவில் கீழ்ப்பாதி முழுக்கக் கறையாக நிற்கும். கறுப்பிலும் அதே சேறுதான், அழுக்காகத்தான் தெரியும், ஆனால் வெள்ளையில் காயம்பட்டதுபோல் தெரியும். சில்லுக்குப் பின்னால் ஒரு றபர் மட்டை பூட்டினால் பாதி குறையும். செம்மண்ணைக் கிழமைக்கணக்கில் காய விட்டால் கதவு விளிம்புகளிலும் பிளாஸ்ரிக் பம்பரிலும் ஒரு மஞ்சள் படலம் பிடித்துக்கொள்ளும். பிறகு தேய்த்தாலும் லேசில் போகாது. ஆகவே வெள்ளை வைத்திருப்பவருக்குக் கோடையில் ஓய்வு, மாரியில் வேலை. கறுப்பு வைத்திருப்பவருக்கு ஓய்வே இல்லை.

கிணற்றுத் தண்ணீரால் கழுவலாமா?

கழுவத்தான் வேண்டும், வேறு தண்ணீருக்கு எங்கே போவது? ஆனால் எங்கள் பக்கத்துக் கிணறு, குழாய்க்கிணறு பலவற்றில் சுண்ணாம்புத் தன்மை கூட. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் பொருக்குப் படிகிறதா என்று பாருங்கள். படிகிறதென்றால் அதே பொருக்குத்தான் காரிலும் படியும். வெயிலில் கழுவி அப்படியே காயவிட்டால் ஒவ்வொரு துளியும் காய்ந்து ஒரு வெள்ளை வட்டமாக நிற்கும். வெள்ளைக் காரில் அதை நீங்கள் காணவே மாட்டீர்கள். கறுப்பில் பொட்டுப் பொட்டாகப் புள்ளிமான் மாதிரித் தெரியும். நாட்கணக்கில் விட்டால் பூச்சின் மேற்படையையே அரிக்கும்.

செய்ய வேண்டியது: காலை வெயில் ஏறுமுன் அல்லது பின்னேரம் நிழலில் கழுவுங்கள், ஒவ்வொரு பக்கமாகக் கழுவி ஈரம் இருக்கும்போதே ஒற்றி எடுங்கள். மழைத்தண்ணீர் பீப்பாயில் பிடித்து வைத்திருந்தால் கடைசி அலசலுக்கு அதுதான் சிறந்தது. உடுப்புத் தோய்க்கும் தூள் வேண்டாம். அது அழுக்கோடு மெழுகையும் கழற்றிவிடும்.

தும்புத்தடியால் புழுதியைத் தட்டிவிட்டு ஓடலாமே? எல்லோரும் அப்படித்தானே செய்கிறார்கள்?

எல்லோரும் செய்கிறார்கள், நானும் ஏழு வருடம் செய்தேன். அந்த அக்சியோவை விற்கப் போனபோது, வாங்க வந்தவர் கைத்தொலைபேசி வெளிச்சத்தைப் பொனற்றில் அடித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்தார். முழுக்கச் சிலந்தி வலை.

காரணம் இதுதான். காரின் நிறத்துக்கு மேலே கண்ணாடி மாதிரி ஒரு தெளிபூச்சுப் படை இருக்கிறது. அதன் தடிப்பு பெரும்பாலும் 40, 50 மைக்கிரோன், ஒரு தலைமயிரைவிட மெல்லியது. எங்கள் புழுதியில் இருப்பது படிகக்கல் துகள், அது அந்தப் பூச்சைவிடப் பல மடங்கு கடினம். காய்ந்த புழுதியைத் துணியாலோ தும்பாலோ இழுப்பது, மண்கடதாசியால் மெதுவாகத் தேய்ப்பதற்குச் சமம். வெள்ளையிலும் இதே கீறல்தான் விழுகிறது. ஆனால் வெள்ளை நிறம் எல்லாப் பக்கமும் ஒளியைச் சிதறடிப்பதால் கீறலின் மினுக்கம் அதில் அமுங்கிப்போகும். கறுப்பு எதையும் மறைக்காது.

முதலில் தண்ணீரை ஊற்றிப் புழுதியை வழிய விடுங்கள். பிறகுதான் கை வைக்க வேண்டும். இரண்டு வாளி வைத்து, ஒன்றில் சோப்புத் தண்ணீர், மற்றதில் துணி அலசும் தண்ணீர் என்று பிரித்தால் இன்னும் நல்லது. கழுவும் இடம் நடத்தும் சித்தப்பாவின் மகன் வெள்ளை, கறுப்பு பார்க்காமல் ஒரே கட்டணம்தான் வாங்குகிறான். ஆனால் கறுப்புக் கார் வந்து நின்றால் அவன் முகம் ஒரு மாதிரிப் போவதைக் கண்டிருக்கிறேன்.

ஒழுங்கையின் இருபக்கமும் பற்றை. கீறல் எதில் குறைவாகத் தெரியும்?

வெள்ளையில். நாயுண்ணி, ஈச்சம்பற்றை, சூரைமுள் எல்லாம் கதவில் உரசிப்போனால் கறுப்பில் சோக்கால் கோடு போட்டதுபோல் இருக்கும். ஆனால் நிறத்தைப் பற்றிக் கதைக்குமுன் கத்தியை எடுத்துக்கொண்டுபோய்ப் பற்றையை வெட்டுங்கள். மலிவான வழி அதுதான்.

எந்த மரத்துக்குக் கீழே விடலாம்?

வேம்பு பரவாயில்லை. பூக்கும் காலத்தில் குப்பைதான், கறை இல்லை. நாவல் மரம் வேண்டவே வேண்டாம், பழக்காலத்தில் வெள்ளைக் கார் ஊதாப் பொட்டு வைத்துக்கொண்டு வரும். பழம் விழாவிட்டாலும் அதைத் தின்ற குருவிகள் வேறு எங்கேயாவது வந்து போட்டுவிட்டுப் போகும். எச்சத்தை நாளைக்கு என்று விடாதீர்கள், ஈரத்துணியை அதன்மேல் கொஞ்ச நேரம் போட்டு ஊறவிட்டு எடுங்கள். வெயிலில் சூடேறிய கறுப்புத் தகரத்தில் எச்சம் இன்னும் கெதியாக அடையாளம் வைத்துவிடும். தென்னைக்குக் கீழே விடுபவருக்கு நிறத்தைப் பற்றிய ஆலோசனை தேவையில்லை.

வெள்ளை என்றால் பேர்ள் வெள்ளையா, சாதா வெள்ளையா?

ஜப்பானிலிருந்து வரும் கார்களில் இரண்டும் உண்டு. கதவு நிலையிலோ பொனற்றுக்குள்ளோ உள்ள தகட்டில் நிற எண் இருக்கும். டொயோட்டாவில் 040 என்றால் சாதா வெள்ளை, 070 என்றால் பேர்ள், 202 என்றால் கறுப்பு. பேர்ளை வெயிலில் பார்த்தால் உள்ளுக்குள் ஒரு மினுக்கம் ஓடும். பார்க்க அழகு, அங்கே விலையும் கூட.

ஆனால் அது மூன்று படையாக அடிக்கும் பூச்சு. முதலில் வெள்ளை, அதன்மேல் மினுக்கப் படை, அதன்மேல் தெளிபூச்சு. ஆட்டோவோ மாடோ இடித்து ஒரு கதவைத் திரும்ப அடிக்க வேண்டி வந்தால், நடுப்படை ஒரு பூச்சுக் கூடினாலும் குறைந்தாலும் நிறம் மாறிவிடும். நிழலில் ஒத்துப்போன கதவு, வெயிலுக்கு வந்ததும் தனியே நிற்கும். எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படி ஒரு கதவுக்காக மூன்று தரம் கராஜுக்கு அலைந்து, கடைசியில் அந்தப் பக்கத்தை மதிலோடு ஒட்டி நிறுத்தப் பழகிக்கொண்டார். சாதா வெள்ளை என்றால் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ நிறம் கலந்து வாங்கி ஒரு நல்ல பெயின்ற்காரரிடம் கொடுத்தால் போதும். வன்னியில் நாளாந்தம் ஓடப்போகிற காருக்கு என் தெரிவு சாதா வெள்ளைதான்.

வெள்ளைப் பூச்சு உரிகிறது என்று சொல்கிறார்களே?

சில கார்களில் நடந்த விஷயம்தான். டொயோட்டா நிறுவனமே 2019இல் அமெரிக்காவில், மேலே சொன்ன 040, 070 எண் கொண்ட குறிப்பிட்ட சில மாடல்களுக்குப் பூச்சு உத்தரவாதத்தை நீடித்தது. நீண்ட காலம் வெயில் பட்டுப்பட்டு, தகரத்தில் முதலில் ஏற்றும் காப்புப் படைக்கும் அதற்கு மேலுள்ள அடிப்பூச்சுக்கும் இடையிலான பிடிப்புத் தளர்ந்து, மேலே உள்ளதெல்லாம் தோலாக உரிந்து வருவதுதான் குறை. எல்லா வெள்ளைக் காரும் உரியும் என்று இதற்கு அர்த்தம் இல்லை.

பாவித்த வெள்ளைக் கார் எடுக்கிறீர்கள் என்றால் கூரையின் முன்விளிம்பு, முன்கண்ணாடிக்கு மேல் உள்ள ஓரம், பொனற்றின் நுனி, இந்த மூன்று இடத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். நகக்கண் அளவு உரிந்திருந்தாலும் விட்டுவிடுங்கள். அது நிற்காது. கறுப்பில் வேறு நோய். தெளிபூச்சு வெயிலில் வெந்து, கூரையிலும் பொனற்றிலும் பால் படிந்ததுபோல் வெளிறும். பொலிஷ் போட்டால் இரண்டு கிழமைக்குத் திரும்ப மினுங்கும், பிறகு பழையபடி. விற்க வருகிறவர்கள் அந்த இரண்டு கிழமைக்குள் வருவார்கள்.

பாவித்த கார் வாங்கும்போது எந்த நிறத்தில் ஏமாறும் வாய்ப்புக் கூட?

வெள்ளையில். அடிபட்ட காரைத் தட்டி நிமிர்த்தி, பட்டி வைத்து, மேலே வெள்ளை அடித்தால் சாதாரணக் கண்ணுக்குத் தெரியாது. அதே வேலையைக் கறுப்பில் செய்தால் தகரம் குளத்துத் தண்ணீர் மாதிரி அலையடிக்கும். வெள்ளை பொய் சொல்லும், கறுப்புக்குச் சொல்லத் தெரியாது. என் கறுப்பு அக்சியோவை வாங்கியபோது எனக்குக் கிடைத்த ஒரே பெரிய லாபம் இதுதான்: அதில் ஒளிக்க ஒன்றும் இல்லை என்பது வளவுக்குள் நின்று பார்த்ததுமே தெரிந்தது.

வெள்ளைக்கு வேறு வழியில் பார்க்க வேண்டும். காலை வெயில் சாய்வாக விழும்போது காரின் பின்மூலையில் குந்தி இருந்து, பக்கத்தை நீளவாட்டில் பாருங்கள். மின்கம்பியோ வேலியோ தகரத்தில் விழும் நிழலுருவம் நேராக ஓடுகிறதா, வளைகிறதா என்று கவனியுங்கள். சின்னக் காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். பட்டி தடிப்பாக இருக்கும் இடத்தில் அது பிடிக்காது. கதவு றபரைக் கொஞ்சம் விலக்கினால் பூச்சின் விளிம்பு தெரியும். பம்பருக்கும் தகரத்துக்கும் வெள்ளையில் மெல்லிய நிற வித்தியாசம் இருப்பது வழமை. ஒன்று பிளாஸ்ரிக், மற்றது தகரம். அதை வைத்து அடிபட்டது என்று சண்டை பிடிக்க வேண்டாம்.

ஜப்பானில் கார் ஏலம் போகும்போது அதன் நிலைமையைக் குறித்துக் கொடுக்கும் ஏலத் தாள் கையில் இருந்தால் அதிலுள்ள கார்ப் படத்தைப் பாருங்கள். ஏ1 என்றால் சின்னக் கீறல், யூ என்றால் நெளிவு, டபிள்யூ என்றால் திருத்தி அடித்த இடம், எக்ஸ்எக்ஸ் என்றால் அந்தப் பாகமே மாற்றப்பட்டது. கறுப்புக் காரின் தாளில் ஏ1 நிறைய இருந்தால் பயப்படாதீர்கள். வெள்ளைக் காரில் டபிள்யூ இரண்டு மூன்று இருந்தால், அந்த இடங்களில் காந்தத்தை வைத்துப் பார்த்த பிறகு விலை பேசுங்கள்.

எது விபத்துக்குக் குறைவு?

அவுஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகம் 2007இல் வெளியிட்ட ஆய்வில், பகல் நேரத்தில் கறுப்புக் கார் விபத்தில் மாட்டும் வாய்ப்பு வெள்ளையைவிட 12 சதவீதம் கூட என்று கண்டார்கள். இரவில் காரின் நிறத்தைவிட விளக்குத்தான் பேசும்.

எங்கள் வீதிக்கு இதை எப்படி எடுப்பது? பின்னேரம் ஆறு, ஆறரைக்கு, விளக்குப் போடலாமா விடலாமா என்று எல்லோரும் யோசிக்கும் நேரத்தில், இரண்டு பக்கமும் காடு இருண்டு நிற்க, கறுப்புக் கார் அந்த இருட்டோடு இருட்டாகிவிடும். முந்திச் செல்ல வெளியே எடுக்கும் மோட்டார் சைக்கிள்காரருக்கு அது கடைசி நொடியில்தான் தெரியும். வெள்ளைக்கும் ஒரு நேரம் உண்டு: தை, மாசி விடியற்காலைப் பனியில் வெள்ளைக் கார் கரைந்துபோகும். ஆனையிறவுப் பக்கம் போகிறவர்களுக்குத் தெரியும். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான், விளக்கைப் போடுங்கள். வீதியில் படுத்திருக்கும் மாட்டுக்கு மட்டும் எந்த நிறமும் ஒன்றுதான். அங்கே வேகத்தைக் குறைப்பது உங்கள் வேலை.

கறுப்பு சனியின் நிறம், முதல் வாகனத்துக்கு ஆகாது என்று அம்மா சொல்கிறார்.

என் அம்மாவும் சொன்னார். கறுப்பு எடுத்து வந்த அன்றே முறிகண்டிக்குக் கொண்டுபோய்ப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, நாலு சில்லுக்குக் கீழும் தேசிக்காய் வைத்து ஏற்றி, கச்சானும் வாங்கிக்கொண்டு திரும்பினோம். ஏழு வருடத்தில் சில்லில் இரண்டு முறை ஆணி ஏறியதைத் தவிர ஒன்றும் நடக்கவில்லை. அதற்காக அம்மா தன் கருத்தை மாற்றிக்கொள்ளவும் இல்லை, "பிள்ளையார் காத்தவர்" என்றார். செத்தவீட்டுக் கொடியும் வெள்ளைதானே, அதை ஏன் யாரும் சொல்வதில்லை என்று கேட்டேன். பதில் வரவில்லை. வீட்டில் அமைதி முக்கியமென்றால் வெள்ளை எடுங்கள். கலியாணக் காருக்கும் வெள்ளையைத்தான் கேட்டு வருவார்கள், கொஞ்சம் வாடகையும் பார்க்கலாம்.

எங்கள் வீட்டில் மறுபக்கம். அப்பாவுக்கு வெள்ளை வாகனம் என்றால் பிடிக்காது.

இதைச் சிரித்துக் கடக்க முடியாது. வெள்ளை வான் என்ற இரண்டு சொல்லுக்கு எங்கள் பகுதியில் வேறு அர்த்தம் இருந்தது. அதில் ஏற்றப்பட்டுத் திரும்பி வராத பிள்ளைகளைத் தேடிக்கொண்டு இன்றும் வீதியோரம் படத்தோடு இருக்கும் தாய்மார் இருக்கிறார்கள். அதற்கு முன், போர்க்காலத்தில், வெள்ளை நிறம் மேலே விமானத்திலிருந்து பார்த்தால் தெரியும் என்று வாகனத்துக்குத் தென்னோலையும் குழையும் போட்டு மூடிய காலம். இன்னொரு வெள்ளையும் இருந்தது: கொடி கட்டிய தொண்டு நிறுவன வாகனங்கள். 2008 செப்டெம்பரில் அவை வன்னியை விட்டு வரிசையாக வெளியேறியதைப் பார்த்தவர்கள் அந்த வெள்ளையையும் மறக்கவில்லை.

கார் வேறு, வான் வேறு என்று அப்பாவுக்கு விளக்கம் சொல்லப் போகாதீர்கள். அவருக்கு அது தெரியாமல் இல்லை. வளவுக்குள் திரும்பும் வாகனத்தைப் பார்த்து அவர் ஒரு கணம் திடுக்கிடுவார் என்றால், சாம்பலோ வெள்ளியோ எடுப்பதில் உங்களுக்கு ஒரு நட்டமும் இல்லை.

கறுப்பை எடுத்துவிட்டு வெள்ளையாக மாற்றலாமா?

மாற்றலாம், ஆனால் வாகனப் பதிவுப் புத்தகத்தில் நிறமும் ஒரு விபரம். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் புத்தகத்தையும் திருத்தாமல் ஓடினால் பொலிஸ் மறிக்கும்போதும் விற்கும்போதும் தலையிடி. காரின் நிறத்தையே மாற்றும்படி முழுக்க ஸ்ரிக்கர் ஒட்டினாலும் அதேதான். வேலையும் சின்னதல்ல. கதவு நிலை, பொனற்றுக்குள், டிக்கிக்குள் எல்லாம் பழைய நிறம் எட்டிப் பார்க்கும். நிறம் மாற்றிய காரை வாங்குபவர் அடிபட்ட கார் என்றே முதலில் நினைப்பார்.

திரும்ப விற்கும்போது?

வெள்ளைக்கு ஆள் கெதியாக வரும். கறுப்புக்கு வருகிறவர் குறைவு, ஆனால் வருகிறவர் கறுப்பைத்தான் தேடி வருவார். கறுப்பைச் சுத்தமாக வைத்திருந்தால் விலையில் பெரிதாக அடிபடாது. என்னுடையது அடிபட்டது. ஏனென்று மேலே சொல்லிவிட்டேன்.

காப்புறுதிக் கட்டணம் மாறுமா?

நான் கட்டிய இரண்டிலும் நிறத்துக்கென்று ஒரு சதமும் கூடவில்லை, குறையவில்லை. பெறுமதியும் பாவனையும்தான் கேட்டார்கள்.

இரண்டையும் விட்டுவிட்டு வெள்ளி நிறம் எடுத்தால்?

உண்மையைச் சொன்னால் எங்கள் புழுதிக்கு அதுதான் ராசா. புழுதியும் தெரியாது, சேறும் அவ்வளவு தெரியாது, சூடும் குறைவு. ஒரு மாதம் கழுவாமல் கோவில் திருவிழாவுக்குக் கொண்டுபோகலாம். ஆனால் என்னிடம் கேட்கிறவர்கள் யாரும் வெள்ளியைக் கேட்பதில்லை. கறுப்பா வெள்ளையா என்றுதான் கேட்கிறார்கள். வற்றாப்பளைப் பொங்கலுக்கு வந்து நிற்கும் வாகனங்களுக்குள் வெள்ளிக் காரைத் தேடிப் பிடிப்பதும் கஷ்டம், அது வேறு.

மனைவிக்குக் கறுப்பு, எனக்கு வெள்ளை. என்ன செய்வது?

கழுவப்போவது யார்? எங்கள் வீட்டில் நான். அதனால் இந்தமுறை வெள்ளை. மனைவி கறுப்புத்தான் கேட்டார், வாளியைக் காட்டினேன், கதை முடிந்தது. மகளுக்கு நிறத்தில் அக்கறை இல்லை. பின்கண்ணாடிப் புழுதியில் விரலால் பெயர் எழுதுவாள், கறுப்புக் காரிலும் எழுதினாள், வெள்ளையிலும் எழுதுகிறாள். கண்ணாடியில் எவ்வளவும் எழுது, கதவில் மட்டும் விரல் வைக்காதே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.